எட்டுக்கால் ஐசியும் பிள்ளையார் டம்ளரும்

ஒரு திங்கட்கிழமை காலை. இட்லியைச் சட்னியில் முக்கியபடியே என் வீட்டுக்காரர் சிங்காரம் ஒரு பெரிய உண்மையை வெளியிட்டார்.

"அமராவதி, இத்தனை வருஷமா இந்த வீட்டுல நாம கேட்டது சத்தமே இல்ல."

எனக்குப் பகீரென்றது. கல்யாணம் ஆகி முப்பத்தைந்து வருஷம். விடிந்ததிலிருந்து படுக்கிற வரைக்கும் இவர் பேச்சைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அது சத்தம் இல்லையென்றால் வேறு எதுதான் சத்தம்?

"காது ஏதாவது வலிக்குதாங்க?"

"காதுக்கு ஒண்ணும் இல்லடி. நான் கம்ப்யூட்டரைச் சொல்றேன். அதுக்குள்ள சவுண்ட் கார்டுன்னு ஒண்ணு இருக்கு. அதுல ஐசின்னு ஒரு பொடிச் சில்லு. எட்டு காலு. அதைப் புடுங்கிட்டு ஒசத்தி ஐசியா மாட்டினா, ஸ்பீக்கர்ல வர்ற குரல் பக்கத்துல உக்காந்து பேசற மாதிரியே இருக்குமாம். உலகம் பூரா மாட்டிட்டான். நாமதான் பாக்கி."

"நல்லாத்தானே பேசுது அது? போன வாரம்கூட நம்ம பையன் அருளு பேசினான், கணீர்னு இருந்துச்சே."

"உனக்கு என்ன தெரியும்? ஊருக்கே டயல் டோன் குடுத்தவன் நானு."

டெலிபோன் ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆனவர். கடலூர் முதுநகரில் யார் வீட்டுப் போன் செத்தாலும் இவர்தான் போய் உயிர் கொடுப்பார். ரிட்டயர் ஆனதும் ஊரில் எல்லாரும் செல்போன் வாங்கிவிட்டார்கள். உயிர் கொடுக்க ஆள் கிடைக்காமல் கை அரித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் வீட்டுக் கம்ப்யூட்டர் மேல் கண் விழுந்துவிட்டது.

வேறு சமயமாக இருந்தால் நானும் போகட்டும் என்று விட்டிருப்பேன். அந்த வாரம் அப்படி விட முடியாது. ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தக் கம்ப்யூட்டரில்தான் என் மகன் கல்யாணம் நிச்சயமாக வேண்டும்.

அருள்முருகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். வயது முப்பத்துமூன்று. ஜாதகம் பார்த்துப் பார்த்து, ஜோசியருக்கே நரைத்துவிட்டது. கடைசியில் முருகன் கண் திறந்தான். புவனகிரியில் ஒரு இடம் பொருந்தி வந்தது. பெண் பெயர் ஜோதிலட்சுமி. அப்பா சாமிக்கண்ணு, நெல் வியாபாரம். அம்மா மங்கலம். இவனுக்கோ லீவு கிடைக்கவில்லை. அவர்கள் வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. அதனால் பெண்ணையும் அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்து, கம்ப்யூட்டரில் மாப்பிள்ளையைப் பார்த்துப் பேசிவிட்டுப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். பெண் கிளம்பி வந்து மாப்பிள்ளையைப் பார்ப்பதா! எங்கள் இரண்டு வம்சத்திலும் கேள்விப்படாதது. அந்த அதிர்ச்சியே எனக்கு இரண்டு நாள் ஆறவில்லை.

அதிலும் சாமிக்கண்ணு போனில் ஒன்று சொன்னார்: "தப்பா நெனைக்காதீங்கம்மா. மொதல்ல பாத்த எடத்துல போட்டோவைக் காட்டி முடிச்சுட்டாங்க. நேர்ல பாத்தா பையனுக்குப் பேச்சே சரியா வரல. அதனால மாப்பிள்ளை குரலைக் காதால கேட்டாத்தான் வெத்தலை பாக்கு மாத்துவேன்."

இவ்வளவும் தெரிந்துதான் இவர் ஐசி மாற்றுகிறேன் என்கிறார்.

நான் இட்லித் தட்டோடு அவரைப் பூஜை அலமாரி முன்னால் கூட்டிப்போய் நிறுத்தினேன்.

"பிள்ளையார் மேல சத்தியம் பண்ணுங்க. ஞாயித்துக்கிழமை பேசி முடிக்கிற வரைக்கும் அந்தப் பொட்டியத் தொடமாட்டேன்னு."

"கையில சட்னி இருக்குடி."

"பரவால்ல. அவரு கோவிச்சுக்க மாட்டாரு."

சட்னிக் கையோடு சத்தியம் பண்ணினார்.

அந்தப் பிள்ளையார் முன்னால் ஒரு பித்தளை டம்ளர் இருக்கும். அதைப்பற்றிச் சொல்லியாக வேண்டும். வீடு கூட்டும்போதும் துணி துவைக்கும்போதும் பொத்தான், ஆணி, சாவி என்று எது கையில் அகப்பட்டாலும் அந்த டம்ளரில் போட்டுவிடுவேன். யாருடையதோ அவர்கள் பிள்ளையார் முன்னால் நின்று, அது என்ன, எப்படித் தொலைந்தது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். பொய் சொல்லக் கூடாது. பிள்ளைகளை நான் அடித்து வளர்த்ததில்லை. டம்ளர்தான் வளர்த்தது. அருள் பத்தாவது படிக்கும்போது ஒரு சிகரெட் துண்டு ஒரு மாதம் அதிலேயே கிடந்தது. கேட்க ஆள் வரவில்லை. அதற்கப்புறம் வீட்டில் சிகரெட் துண்டும் வரவில்லை.

புதன்கிழமை இரண்டாவது அதிர்ச்சி.

விடியற்காலையிலேயே குளித்து, வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதியோடு வந்து நின்றார்.

"சிதம்பரம் போறேன். இன்னைக்கு ஆனித் தேரு. பையன் கல்யாணம் நல்லபடியா கூடணும்னு நடராஜரைப் பாத்து வேண்டிட்டு வர்றேன்."

சுவரைப் பிடித்துக்கொண்டேன். இவர் சிதம்பரம் கோயிலுக்குள் போனது இரண்டே தடவை. கல்யாணமான புதிதில் ஒரு முறை. ஆபீஸ் வேலையாக ஒயர் இழுக்க ஒரு முறை. இவருக்கா இந்த பக்தி? எனக்குக் கண் கலங்கிவிட்டது. விளக்குக்கு எண்ணெய் வாங்கக் காசு கொடுத்து, வாசல் வரை வந்து பஸ் ஏற அனுப்பினேன்.

மூன்று மணிக்கெல்லாம் திரும்பி வந்துவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றாமல் விபூதிப் பொட்டலத்தை நீட்டினார்.

"தேர்க் கூட்டத்துல எப்படிங்க இவ்ளோ சீக்கிரம்?"

"அங்கதான்டி மூளைய உபயோகிக்கணும். ஊரே தேருக்குப் பின்னாடி வீதியில போயிருச்சு. நான் நேரா கோயிலுக்குள்ள பூந்துட்டேன். ஈ காக்கா இல்ல. நடராஜரும் நானும்தான். ஆற அமர, நேருக்கு நேரா, அரை மணி நேரம் தரிசனம்."

"நடராஜரையா? உள்ளயா?"

"பின்ன? என்னைப் பாத்துச் சிரிச்ச மாதிரியே இருந்துச்சு."

மற்ற ஊர்க் கோயில்களில் மூலவர் உள்ளேயே இருப்பார், உற்சவர் தேரில் போவார். சிதம்பரத்தில் அப்படி இல்லை. தேரன்றைக்கு மூலவரான நடராஜரே எழுந்து வந்து தேரில் உட்கார்ந்துவிடுவார். உள்ளே அவர் இருக்கவே மாட்டார். சாமியே வீதியில் இருக்க, இவர் உள்ளே யாரைப் பார்த்து அரை மணி நேரம் வேண்டினார்?

வாய் வரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டேன். நான் கேட்டால் இன்னொரு பொய் சொல்லுவார். ஒரு பொய்க்கே சாமி எத்தனை நாள் பொறுப்பாரோ, இரண்டாவதற்கு நான் ஏன் வழி பண்ண வேண்டும்? 'பிள்ளையாரப்பா, உங்கப்பா விஷயம். நீயே பாத்துக்கோ' என்று விட்டுவிட்டேன். விபூதியை மட்டும் பூசிக்கொண்டேன். அது என்ன பாவம் செய்தது?

வியாழக்கிழமை சாயந்திரம் வெற்றிலை, பாக்கு, பழம் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். பர்ஸை மறந்துவிட்டுப் பாதி வழியிலேயே திரும்பினேன். கேட்டைத் திறந்தால் உள்ளே தடதடவென்று சத்தம். போய்ப் பார்க்கிறேன், இவர் நாற்காலியில் உட்கார்ந்து தினசரி படித்துக்கொண்டிருக்கிறார். தலைகீழாகப் பிடித்து.

அன்று இரவுச் சாப்பாட்டிலிருந்து ஆரம்பித்தது.

கம்ப்யூட்டரில் சாமிப் பாட்டைப் போட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அமராவதி, உனக்கு ஏதாச்சும் வித்தியாசம் தெரியுது?"

"எதுலங்க?"

"எதுலயும் இல்ல. சும்மா. பொதுவா."

"ரசத்துல புளி கொஞ்சம் ஜாஸ்தி."

"ரசம் இல்லடி! இந்த... காத்து, வெளிச்சம், பாட்டு... பொதுவா எல்லாமே ஒரு தெளிவா இல்ல?"

"மழை வரப்போவுதோ என்னமோ."

பாவம், அவர் பட்ட பாடு! பெருமை தொண்டை வரை நிற்கிறது. சொன்னால் சத்தியத்தை மீறியது தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். பாட்டில் தாளம் தட்டுகிற ஒவ்வொரு தடவையும் "ஆகா" என்றார். "அய்யோ, அந்த ஜால்ரா!" என்றார். பாட்டு முடிந்து விளம்பரம் வந்தது. அதற்கும் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை துணி துவைக்கும்போது அவர் சட்டைப் பையில் கை விட்டேன். ஏதோ குத்தியது. எடுத்துப் பார்த்தால் கறுப்பாக, பக்கத்துக்கு நாலு காலோடு ஒரு பூச்சி! "முருகா!" என்று அலறி வாளித் தண்ணீரில் போட்டுவிட்டேன். அது நீந்தவில்லை. குச்சியால் தட்டிப் பார்த்தேன். உயிர் இல்லை, இரும்புக் கால். முதுகில் பொடி எழுத்து. கூடவே ஒரு துண்டுச் சீட்டு. சிதம்பரத்தில் ரேடியோ சாமான் விற்கிற ஒரு கடையின் பெயரும் போன் நம்பரும், புதன்கிழமைத் தேதியும்.

பூச்சியைத் துடைத்து டம்ளரில் போட்டேன். போனை எடுத்துக் கடைக்குப் பேசினேன். கடைக்காரர் விஜயகுமார் தங்கமான மனிதர்.

"சாரோட வீட்டம்மாவா? வணக்கம்மா. அன்னைக்குக் காலையில வந்து மூணு மணி நேரம் பேசிட்டுப் போனாரும்மா. நல்ல ரசனை."

"தேரன்னைக்குக் கடை உண்டாப்பா?"

"எங்க சந்துல தேரு வராதும்மா."

டம்ளரிலிருந்து பூச்சியை எடுத்து, அதன் முதுகு எழுத்தை, அரிசியில் கல் பொறுக்குகிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாக வாசித்தேன்.

"அதாம்மா நான் குடுத்த புது ஐசி. ஏன், இன்னும் மாட்டலியா?"

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். புதிது டம்ளரில் இருக்கிறது. அப்படியென்றால் கம்ப்யூட்டரில் இருப்பது? பழையதேதான். கேட் சத்தம் கேட்ட பதற்றத்தில், கழற்றியதையே திரும்ப மாட்டிவிட்டு, புதிதைப் பையில் போட்டுக்கொண்டிருக்கிறார். நேற்று ராத்திரி முழுக்க அவர் "ஆகா" போட்டது, பத்து வருஷமாக வீட்டில் இருக்கிற அதே பழைய பூச்சிக்கு!

சனிக்கிழமை நானே ஒரு வழி திறந்து கொடுத்தேன்.

"ஏங்க, டம்ளர்ல ஒரு எட்டுக்கால் சாமான் கெடக்கு. உங்களுதா?"

டம்ளரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பழையதுதானே என்ற தைரியம்.

"என்னுது இல்ல."

"நிச்சயமா?"

"இல்லவே இல்லடி. ஏதோ ஒடைஞ்ச ரேடியோவுல உள்ளதா இருக்கும். ஒதவாத சாமான். தூக்கிக் குப்பையில போடு."

பிள்ளையார் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை. கேசரி கிண்டி, பஜ்ஜிக்கு மாவு கரைத்து, ஒன்பதரைக்கு விளக்கேற்றிக் கண்ணை மூடிப் பிரார்த்தனையில் நின்றேன். அந்த நேரம் பார்த்து, மகன் குரல் தேனாக வர வேண்டுமே என்று தூசி தட்டப் பெட்டியைத் திறந்திருக்கிறார் இவர். டார்ச் அடித்து முதுகெழுத்தைப் படித்திருக்கிறார். பழையது!

இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது, பக்கத்தில் 'டிங்' என்று டம்ளர் சத்தம். பூனை என்று நினைத்தேன். ஐந்து நிமிஷம் கழித்து ஒரு வாசனை.

"என்னங்க தீயற மாதிரி நாத்தம்?"

"சாம்பிராணிடி."

"நான் இன்னும் போடவே இல்லியே!"

பதறி ஓடினேன். கம்ப்யூட்டர் பக்கம் காலை வைத்ததும் குதிகாலில் எட்டு ஊசி ஒரே சமயத்தில் ஏறியது. "அம்மா!" என்று நான் போட்ட சத்தத்தில், ஸ்பீக்கரே வேண்டாம், சிங்கப்பூருக்கே கேட்டிருக்கும். காலைத் தூக்கிப் பார்த்தால் இன்னொரு பூச்சி! பழக்க தோஷம், நொண்டிக்கொண்டே போய் அதை டம்ளரில் போட்டேன். டம்ளரில் முந்தைய பூச்சியைக் காணோம்.

வாசலில் கார் வந்து நின்றது.

சாமிக்கண்ணு, மங்கலம், நடுவில் ஜோதிலட்சுமி. பச்சைப் புடவை, பளிச்சென்ற முகம். வாங்க வாங்க என்று உட்கார வைத்தேன். சிங்கப்பூரிலிருந்து அழைப்பு வந்தது. திரையில் என் மகன், புதுச் சட்டை போட்டுக்கொண்டு.

வாயை அசைத்தான். சத்தம் இல்லை.

சிரித்தான். கும்பிட்டான். மறுபடி வாயை அசைத்தான். சத்தமே இல்லை.

மங்கலம் கணவர் முகத்தைப் பார்த்தார். சாமிக்கண்ணு வெற்றிலைத் தட்டைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, தம்பிக்குப் பேச்சு...?"

"நல்லா பேசுவாங்கய்யா! பிறந்ததுல இருந்து பேசுறான்!" என்றேன்.

இவர் என்னைச் சமையலறைப் பக்கம் இழுத்தார். முகம் முழுக்க வேர்வை.

"அமராவதி, கால்ல குத்துச்சே, அது எங்க?"

"டம்ளர்ல."

"எடுத்துக் குடு. அது என்னுது."

"நேத்து உங்களுது இல்லேன்னீங்களே?"

"அது வேற, இது வேறடி!"

"அந்த வேற ஒண்ணு எங்கங்க? டம்ளர்ல கை வச்சீங்களா?" முப்பத்தைந்து வருஷத்தில் அந்த டம்ளரில் யாரும் திருடியதில்லை. "எனக்கு ஒண்ணும் சொல்ல வேணாம். அவருக்குச் சொல்லிட்டு எடுத்துக்குங்க."

"சம்மந்தி ஒக்காந்திருக்காங்கடி!"

"மெதுவா சொல்லுங்க. அவருக்குப் பெரிய காது."

பூஜை அலமாரி இருப்பதோ கூடத்திலேயே. வேறு வழியில்லை. கைகூப்பி நின்று முணுமுணுக்க ஆரம்பித்தார். "பிள்ளையாரே, சத்தியத்தை மீறிப் பொட்டியத் தொறந்தேன். பழசையே மாட்டிட்டு நல்லாருக்குன்னேன். புதுசை என்னுது இல்லேன்னேன். இப்ப ஒன்கிட்டேர்ந்து திருடி, தலைகீழா மாட்டிக் கருக்கிட்டேன்."

"சிதம்பரம்?" என்றேன்.

"அங்க தேரன்னைக்கு உள்ள போயி நடராஜரைத் தரிசனம் பண்ணிட்டு, அப்புறமா வர்ற வழியில கடைக்கு..."

"தேரன்னைக்கு உள்ளயா?" சாமிக்கண்ணு எழுந்தேவிட்டார். "அன்னைக்கு மூலவரே தேருக்கு வந்துருவாரேங்க! நான் கீழ வீதியில வடம் புடிச்சேன். உள்ள யாரைப் பாத்தீங்க?"

திரையில் என் மகன்கூட வாயசைப்பதை நிறுத்திவிட்டான்.

இவர் தலை, நெஞ்சு வரை தொங்கியது. "கோயில் பக்கமே போவல பிள்ளையாரே."

"அப்ப அந்த விபூதி?" என்று நான் கேட்டேன்.

விரலை நீட்டினார். எங்கள் விபூதிச் சம்புடம். புதன்கிழமை காலையில் எங்கள் வீட்டிலிருந்தே பொட்டலம் கட்டிக்கொண்டு போய், எனக்கே கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அதையும் பயபக்தியோடு நாலு நாள் பூசினேனே!

அதற்குமேல் எனக்கு அதிர்ச்சி மிச்சமில்லை. டம்ளரைச் சாய்த்து ஐசியை அவர் கையில் போட்டேன். என் குதிகால் பட்டு மூன்று கால் மடங்கிக் கிடந்தது. இவர் நிமிர்த்தப் போன வேகத்தில் நாலாவதும் மடங்கும்போல இருந்தது.

"குடுங்க மாமா."

ஜோதிலட்சுமி எழுந்து வந்தாள். புடவையில் இருந்த ஊக்கைக் கழற்றி ஒவ்வொரு காலாக நிமிர்த்தினாள். கம்ப்யூட்டரை நிறுத்தி, தரையில் உட்கார்ந்து பெட்டிக்குள் தலையை விட்டு, கருகியதைப் பிடுங்கிப் போட்டாள். "இதோ பாருங்க மாமா, ஐசி ஓரத்துல ஒரு பள்ளம் இருக்கில்ல? சாக்கெட்லயும் இருக்கு. ரெண்டும் ஒரே பக்கம் வரணும்." அழுத்தினாள்.

"டிப்ளமோ எலக்ட்ரானிக்ஸ் படிச்சிருக்கு" என்றார் மங்கலம், கொஞ்சம் வெட்கத்தோடு.

கம்ப்யூட்டர் தூக்கம் கலைந்து எழுந்திருக்க ஆறு நிமிஷம். பஜ்ஜியை யாரும் தொடவில்லை. நான் வேண்டாத தெய்வமில்லை. திரையில் மகன் வந்தான். வாயைத் திறந்தான். வீடே அதிர்கிற மாதிரிக் குரல் வந்தது.

"அப்பா! அந்த ஐசியத் தொடாதீங்கன்னு போன மாசமே சொன்னேன்ல!"

ஜோதிலட்சுமிதான் முதலில் சிரித்தாள். அந்தச் சிரிப்பு கேட்டு மகன் பேச்சை மறந்து அசடு வழிந்தான். சாமிக்கண்ணு வெற்றிலைத் தட்டைக் கையில் எடுத்தார். "கொரலு கணீர்னு இருக்கும்மா. அப்பாவையே அதட்டுது" என்றார்.

தட்டு மாற்றி, அவர்கள் கேசரி சாப்பிட்டுக் கிளம்பிப் போன பிறகு, இவர் சாய்வு நாற்காலியில் விழுந்தார். துண்டால் விசிறிக்கொண்டே கேட்டார்.

"சிதம்பரம் விஷயம் உனக்கு எப்ப தெரியும்?"

"புதன்கிழமையே. நீங்க செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடி."

"ஏன் கேக்கல?"

"நான் கேட்டா சண்டை ஆயிருக்கும். இப்ப பாருங்க, சாமிகிட்ட மனசு விட்டுப் பேசினீங்க. எவ்ளோ நல்லாருக்கு!"

நாற்காலியை விட்டு எழுந்தார். பிறகு மேசை, அலமாரி, நாற்காலிக்கு அடியில் என்று எதையோ தேட ஆரம்பித்தார்.

"என் ஸ்க்ரூ டிரைவரைப் பாத்தியா?"

நான் பூஜை அலமாரியைக் காட்டினேன். டம்ளரில் அது செங்குத்தாக நின்றுகொண்டிருந்தது. எழுந்து போனார். கைகூப்பினார். வாயைத் திறந்தார். எதற்கு வேண்டும் என்று சொல்ல யோசித்தார். மூடிக்கொண்டார். பேசாமல் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"அப்ப இந்தக் கம்ப்யூட்டரை இனிமே யாருதான்டி பாத்துக்கறது?"

"ஆவணியில வந்துருவா" என்றேன்.